டிஃபென்சிவ் லைன்மேன்: என்ன வேலை, எத்தனை வருஷம், எவ்வளவு காசு

அமெரிக்கக் கால்பந்தை (இனி ஃபுட்பால் என்றே சொல்கிறேன், உதைத்து ஆடும் நம்ம கால்பந்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) முதன்முதலாகப் பார்ப்பவர் எவரும் பந்து போகும் பக்கம்தான் கண்ணை ஓட்டுவார். டிவி கேமராவும் அதையேதான் காட்டும். பந்தை எறிகிறவர், பிடிக்கிறவர், இடுக்கிக்கொண்டு ஓடுகிறவர் என்று இரண்டு மூன்று பேரின் பெயர் சீக்கிரமே மனப்பாடம் ஆகிவிடும். நடுவில் ஆஜானுபாகுவாக எட்டொன்பது பேர் ஒருவரையொருவர் முட்டித் தள்ளிக்கொண்டிருப்பார்கள், நாலைந்து வினாடியில் விசில் ஊதும், எழுந்து தூசி தட்டிவிட்டு மறுபடி வரிசையில் போய் நிற்பார்கள். இந்த முட்டல் எதற்கு என்றே பலருக்குப் பிடிபடுவதில்லை.

ஆட்டமே அங்கேதான் நடக்கிறது என்பது என் கட்சி. அந்தக் கும்பலில் தடுக்கிற பக்கம் நிற்பவர்தான் டிஃபென்சிவ் லைன்மேன். அவர் தன் வேலையை எவ்வளவு நன்றாகச் செய்கிறாரோ அவ்வளவுக்கு அது ஸ்கோர் அட்டையில் தெரியாமல் போகவும் வாய்ப்பு உண்டு, அதனால் இவரைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருக்கிறது.

முதலில் களம்

ஒரு நேரத்தில் ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு, அதற்குள் 10 கஜம் முன்னேறியாக வேண்டும், அதாவது 9 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. முன்னேறிவிட்டால் மறுபடி நான்கு வாய்ப்பு, இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. ஒவ்வொரு வாய்ப்புக்கும் டவுன் என்று பெயர். முன்னேற இரண்டே வழி: பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஓடலாம், அல்லது குவாட்டர்பேக் எனப்படும் ஆள் அதை முன்னால் இருக்கும் தன் ஆளுக்கு எறியலாம்.

குவாட்டர்பேக்குக்கு முன்னால் மனிதச் சுவராக ஐந்து பேர் நிற்பார்கள். நடுவில் சென்டர், அவருக்கு இரண்டு பக்கமும் கார்டு, அவர்களுக்கு வெளியே டேக்கிள். இவர்கள் ஒவ்வொருவரும் சுமார் 140 கிலோ. இந்த ஐவருக்கு எதிரே, பந்தின் நீளம் எவ்வளவோ அவ்வளவே இடைவெளி விட்டு, அதாவது சுமார் 28 சென்டிமீட்டர் தள்ளி, மூன்று அல்லது நான்கு பேர் ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து நிற்பார்கள். நாம் பேசப்போவது அவர்களைப் பற்றித்தான். எண்ணிக்கையைக் கவனியுங்கள்: அந்தப் பக்கம் ஐந்து, இந்தப் பக்கம் மூன்றோ நான்கோ. தொடங்கும்போதே இவர்கள் ஆள் குறைவு.

கபடியில் ரெய்டரை மடக்குவதுபோல என்று நினைக்கத் தோன்றும். ஓரளவுக்குச் சரி, ஆனால் இங்கே ரெய்டருக்கு முன்னால் ஐந்து மெய்க்காப்பாளர்கள் நிற்கிறார்கள், அவர்களைத் தாண்டினால்தான் அவரைத் தொடவே முடியும்.

பந்து அசைகிற கணம்வரை லைன்மேனுக்கு வரப்போவது ஓட்டமா எறிதலா என்று தெரியாது. ஊகம் இருக்கலாம், உறுதி கிடையாது. அதனால் அவர் பந்தைப் பார்ப்பதைவிட எதிரில் நிற்பவரின் ஹெல்மெட்டைப் பார்க்கிறார். அந்த ஹெல்மெட் தாழ்ந்து முன்னால் பாய்ந்து வந்தால் ஓட்டம், ஏனென்றால் அவர் வழி திறக்கப் பார்க்கிறார். ஹெல்மெட் நிமிர்ந்து பின்னால் போனால் எறிதல், ஏனென்றால் அவர் குவாட்டர்பேக்கைக் காக்கப் பின்வாங்குகிறார். இதைப் படித்து முடிவெடுக்க ஒரு வினாடிகூட அவகாசம் கிடையாது. எறிதல் என்றால் குவாட்டர்பேக் சாதாரணமாக இரண்டரை வினாடி வாக்கில் பந்தைக் கைவிட்டு அனுப்பிவிடுவார், அதற்குள் 140 கிலோ ஆளைத் தாண்டி அவரிடம் போய்ச் சேர வேண்டும்.

எங்கே நிற்கிறார் என்பதே வேலை

எல்லா லைன்மேன்களுக்கும் ஒரே வேலை இல்லை. ஓரத்தில் நிற்பவர் டிஃபென்சிவ் எண்ட், கொஞ்சம் நெட்டை, கொஞ்சம் வேகம். உள்ளே நிற்பவர் டிஃபென்சிவ் டேக்கிள். சென்டருக்கு நேர் எதிரே மூக்குக்கு மூக்கு நிற்பவர் நோஸ் டேக்கிள், பெரும்பாலும் அணியிலேயே கனத்த ஆட்களில் ஒருவர். எந்த இடத்தில் நிற்பது என்பதற்கு 0 முதல் 9 வரை எண் வைத்திருக்கிறார்கள். சென்டருக்கு நேராக நின்றால் 0. கார்டின் வெளித்தோளுக்கு எதிரே நின்றால் 3, இதை த்ரீ டெக்னிக் என்பார்கள். எண் கூடக் கூட வெளியே போகிறார் என்று வைத்துக்கொண்டால் போதும்.

இரண்டு எதிரணி ஆட்களுக்கு நடுவே இருக்கும் சந்துக்கு கேப் என்று பெயர். சில பயிற்சியாளர்கள் ஒரு லைன்மேனிடம் ஒரே ஒரு சந்தைக் கொடுத்து, அதில் பாய்ந்து உள்ளே போ என்பார்கள். வேறு சிலர் இரண்டு சந்துக்கும் நீயே பொறுப்பு என்பார்கள். அப்படியென்றால் அவர் பாயக் கூடாது, எதிராளியை நெஞ்சோடு பிடித்து நிறுத்தி, பந்து எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் அவரைத் தள்ளிவிட்டுப் பிடிக்க வேண்டும். இரண்டாவது வேலைதான் யாருக்கும் தெரியாத வேலை. வின்ஸ் வில்ஃபோர்க் என்று ஒருவர், சுமார் 147 கிலோ, நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியின் நோஸ் டேக்கிள். 13 சீசன் ஆடி, லீகின் இறுதியாட்டமான சூப்பர் பௌலை இரண்டு முறை வென்றவர். அவ்வளவு வருஷத்தில் குவாட்டர்பேக்கை வீழ்த்திய கணக்கு மொத்தம் 16. நல்ல டிஃபென்சிவ் எண்ட் ஒருவர் ஒரே சீசனில் எடுத்துவிடக்கூடிய எண்ணிக்கை அது. ஆனால் வில்ஃபோர்க் ஒவ்வொரு முறையும் இரண்டு பேரைத் தன் மேல் இழுத்து வைத்துக்கொண்டார், அதனால் அவருக்குப் பின்னால் நின்ற லைன்பேக்கர்கள் யாரும் மறிக்காமல் ஓடிவந்து பந்துக்காரனைச் சாய்த்தார்கள். பெயர் அவர்களுக்குப் போனது. அணிக்கு மட்டும் கணக்கு சரியாகத் தெரிந்திருந்தது, இல்லாவிட்டால் அத்தனை வருஷம் சம்பளம் கொடுத்து வைத்திருப்பார்களா?

எறிவதற்குள் குவாட்டர்பேக்கை, பந்து கிளம்பிய கோட்டுக்குப் பின்னாலேயே வீழ்த்துவதற்கு சாக் என்று பெயர். இரண்டு பேர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்கு அரை, அதனால்தான் கணக்கில் 20.5 மாதிரி எண்கள் வரும். இந்தச் சொல்லைப் பரப்பியவர் 1960களில் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணிக்கு ஆடிய டீக்கன் ஜோன்ஸ். வேடிக்கை என்னவென்றால் என்எஃப்எல் (அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் லீக்) இதை அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியதே 1982இல்தான், ஜோன்ஸ் அதற்குள் ஓய்வு பெற்று எட்டு வருஷம் ஆகிவிட்டது. எதிராளியின் ஹெல்மெட்டில் பக்கவாட்டில் ஓங்கி அறைந்துவிட்டுத் தாண்டுவது அவருடைய பிரபலமான உத்தி. அதை 1977இல் தடை செய்தார்கள். குவாட்டர்பேக்கைக் காக்கும் ஐவரில் ஒருவர் கையை விரித்து லைன்மேனைப் பிடித்து இழுத்தால் தண்டனை உண்டு, ஆனால் பிடிக்கப்படுகிறவர்களைக் கேட்டால் நடுவர் பார்ப்பது பத்தில் ஒன்றுதான் என்பார்கள்.

அறைவது போனபின் மிஞ்சியிருக்கும் உத்திகள் கையும் இடுப்பும் சம்பந்தப்பட்டவை. நேராக நெஞ்சில் முட்டிப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போவது புல் ரஷ். எதிராளியின் கையை ஒரு கையால் கீழே தட்டிவிட்டு மறு கையை நீச்சல் அடிப்பதுபோல் மேலே வீசித் தாண்டுவது ஸ்விம். அக்குளுக்கு அடியில் கையைக் கொடுத்து மேலே கிழித்துக்கொண்டு போவது ரிப். இவற்றில் எதைச் செய்தாலும் ஒரு விதி மாறாது: யாருடைய தோள் கீழே இருக்கிறதோ அவர் ஜெயிப்பார். நிமிர்ந்துவிட்டால் 150 கிலோ இருந்தும் பிரயோஜனம் இல்லை.

இந்தத் தாழ்வு விஷயத்தை மனதில் வையுங்கள். இதற்கு அடுத்து வரும் ஆளுடைய கதையே அதில்தான் இருக்கிறது.

ஆரோன் டொனால்ட்

1991இல் பிட்ஸ்பர்க்கில் பிறந்தவர். அப்பா வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு சின்ன ஜிம் வைத்திருந்தார், பையனை விடியற்காலை நாலரைக்கு எழுப்பிப் பள்ளிக்குப் போகுமுன் அங்கே பளு தூக்க வைப்பார். பென் ஹில்ஸ் உயர்நிலைப் பள்ளி, அப்புறம் உள்ளூரிலேயே பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம். பெரிய ஃபுட்பால் பல்கலைக்கழகங்கள் அவரைத் தேடி வரவில்லை. காரணம் உயரம். சுமார் 185 சென்டிமீட்டர், உள்ளே நிற்கும் டேக்கிளுக்கு அது குட்டை. எடையும் அதே கதை, 136 கிலோவுக்குக் குறைந்தால் இந்த இடத்துக்கு ஒல்லி என்பார்கள், இவர் 129.

கல்லூரி ஆட்டம் என்பது இங்கே ஒருவகையில் கட்டாயப் படிக்கட்டு. உயர்நிலைப் பள்ளியை முடித்து மூன்று வருஷம் ஆகாமல் என்எஃப்எல் டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், நுழைய முடியாது. டொனால்ட் நான்கு வருஷமும் ஆடினார். கடைசி வருஷமான 2013இல் எதிரணியை அவர்கள் தொடங்கிய கோட்டுக்குப் பின்னாலேயே வீழ்த்திய கணக்கு 28.5, சாக் 11. தடுப்பாட்டக்காரர்களுக்கும் லைன்மேன்களுக்கும் கல்லூரி அளவில் உள்ள பெரிய விருதுகள் நான்கு, நாகுர்ஸ்கி, பெட்னாரிக், அவுட்லேண்ட், லம்பார்டி, நான்கையும் அந்த வருஷம் அவரே அள்ளினார். அப்படியும் "குட்டை" என்ற சொல் அவரை விடவில்லை.

டிராஃப்டுக்கு முன் பிப்ரவரியில் இண்டியானாபொலிஸில் கம்பைன் என்று ஒரு தேர்வு நடக்கும். உயரம், எடை, கை நீளம் எல்லாம் அளப்பார்கள், ஓட விடுவார்கள், குதிக்க விடுவார்கள். கொஞ்சம் மாட்டுச்சந்தை மாதிரிதான், ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே டொனால்ட் 40 கஜத்தை 4.68 வினாடியில் ஓடினார், 129 கிலோ உடம்போடு. 102 கிலோ பளுவைப் படுத்தபடி 35 முறை தூக்கினார். 2014 டிராஃப்டில் 12 பெயர்கள் போனபின் 13ஆவதாக அவரை ராம்ஸ் எடுத்தது, அப்போது அந்த அணி செயின்ட் லூயிஸில் இருந்தது. அதே ராம்ஸ் அன்றிரவு 2ஆவது இடத்தில் வேறொரு வீரரை எடுத்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிராஃப்ட் எவ்வளவு அறிவியல், எவ்வளவு அதிர்ஷ்டம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வருஷமே சிறந்த புதிய தடுப்பாட்டக்காரர் விருது. 2017, 2018, 2020 என்று மூன்று முறை லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர். 2018இல் 20.5 சாக். உள்ளே நிற்கும் டேக்கிளுக்கு இது நம்பவே முடியாத எண், ஏனென்றால் ஓரத்தில் நிற்பவருக்காவது சுற்றிப்போக இடம் இருக்கிறது, உள்ளே நிற்பவரைச் சுற்றிலும் ஆட்கள். அதுவும் இவரை எதிரணி ஒற்றையாகத் தடுத்ததே அபூர்வம், கார்டும் சென்டரும் சேர்ந்து வருவார்கள், சில நேரம் மூன்றாவது ஆளும். குட்டை என்று குறை சொன்னார்களே, அதுதான் அவருடைய ஆயுதம் ஆனது. அவர் இயல்பாகவே எதிராளியைவிடத் தாழ்ந்து இருந்தார், அந்த நெட்டை ஆட்கள் அவருடைய தோளுக்குக் கீழே கையைக் கொடுக்கக் குனிவதற்குள் அவர் தாண்டிப் போயிருப்பார்.

ஆடியது 10 சீசன். பத்திலும் நட்சத்திர வீரர்களுக்கான ப்ரோ பௌலுக்குத் தேர்வு. அந்த ஆண்டின் தலைசிறந்த அணி என்று தேர்ந்தெடுக்கும் ஆல் ப்ரோ முதல் அணியில் எட்டு முறை. மொத்த சாக் 111.

அந்த 111இல் இல்லாத ஒன்று

2022 பிப்ரவரி 13, லாஸ் ஏஞ்சலஸை அடுத்த இங்கில்வுட், சோஃபை ஸ்டேடியம். சூப்பர் பௌல் இறுதியாட்டம். ராம்ஸ் 23, சின்சினாட்டி பெங்கால்ஸ் 20. ஒன்றரை நிமிடம்கூட இல்லாத நேரத்தில் பந்து பெங்கால்ஸ் கையில், மூன்று புள்ளி எடுத்தால் சமன், ஆறு எடுத்தால் கோப்பை. மைதானத்தின் பாதியைத் தாண்டிவிட்டார்கள். மூன்றாவது டவுன், இன்னும் ஒரே ஒரு கஜம் வேண்டும். ஓட்டக்காரர் சமாஜே பெரைனிடம் பந்தைக் கொடுத்தார்கள், டொனால்ட் அவரை ஒரு அடிகூட நகரவிடாமல் பிடித்து நிறுத்தினார்.

நான்காவது டவுன், அதே ஒரு கஜம். இந்த முறை எறிதல். குவாட்டர்பேக் ஜோ பரோ பந்தை வாங்கிப் பின்னால் போகிறார். எதிரில் நின்ற இடது கார்டை டொனால்ட் தாண்டிவிட்டார், பரோவின் இடுப்பைப் பிடித்துச் சுழற்றினார். விழுந்துகொண்டே பரோ பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு வீசுவதுபோல் வீசிவிட்டார். அது யார் கைக்கும் போகாமல் தரையில் விழுந்தது. ஆட்டம் முடிந்தது. டொனால்ட் எழுந்து ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத் தன் மோதிர விரலைச் சுட்டிக்காட்டியபடி ஓடினார், ஜெயித்த அணிக்கு மோதிரம் கொடுப்பது அங்கே வழக்கம்.

பந்து கையைவிட்டுப் போய்விட்டதால் அது சாக் கணக்கில் வராது. அவர் வாழ்க்கையின் மிகப் பெரிய ஒற்றை ஆட்டம், 111இல் அது இல்லை. அன்று அவருக்கு வேறு இரண்டு சாக் இருந்தது, அணியாக ஏழு. ஆட்ட நாயகன் விருது வெற்றிப் பந்தைப் பிடித்த கூப்பர் கப்புக்குப் போனது. கப் நன்றாகத்தான் ஆடினார், தப்பில்லை, ஆனால் பந்தைப் பிடிக்கிறவருக்கும் அதைப் பிடிக்கவிடாமல் செய்கிறவருக்கும் உள்ள மதிப்பு வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது.

காசு

இந்தப் பகுதி புதியவர்களை அதிகம் குழப்பும். செய்தியில் 13.5 கோடி டாலர் ஒப்பந்தம் என்று வரும், அவ்வளவும் கைக்கு வந்துவிடும் என்று நினைப்போம். வராது. என்எஃப்எல் ஒப்பந்தத்தில் பெரும்பகுதிக்கு உத்தரவாதம் கிடையாது, அணி நாளைக்கே உங்களை வெளியே அனுப்பலாம், மிச்ச வருஷச் சம்பளம் காற்றோடு போகும். கையெழுத்துப் போடும்போது தரும் போனஸும், உத்தரவாதம் என்று எழுதப்பட்ட தொகையும்தான் நிஜப் பணம். அதனால் வீரர்களின் ஏஜெண்டுகள் மொத்தத் தொகையைவிட அந்த இரண்டாவது எண்ணுக்குத்தான் மல்லுக்கட்டுவார்கள்.

டிராஃப்டில் வந்தவருக்கு முதல் நான்கு வருஷம் ஏறக்குறைய நிர்ணயித்த சம்பளம். எத்தனையாவது இடத்தில் எடுக்கப்பட்டீர்களோ அதைப் பொறுத்த தொகை. முதல் சுற்றில் வந்தவர் என்றால் அணி விரும்பினால் ஐந்தாவது வருஷமும் தக்க வைத்துக்கொள்ளலாம். டொனால்டுக்கு அந்த நான்கு வருஷத்துக்கு மொத்தம் சுமார் 1 கோடி டாலர். நமக்கு அது கனவுத் தொகை, ஆனால் லீகிலேயே சிறந்த தடுப்பாட்டக்காரருக்குச் சந்தை மதிப்பில் அது சில்லறை. எனவே 2017இல் அவர் பயிற்சி முகாமுக்கே போகவில்லை. ஒப்பந்தம் இருக்கும்போது போகாமல் இருந்தால் அபராதம் உண்டு, பரவாயில்லை என்று வீட்டிலேயே பயிற்சி செய்தார். சீசன் தொடங்குவதற்கு முந்தின நாள் வந்து சேர்ந்தார், முதல் ஆட்டத்தைத் தவறவிட்டார், அந்த வருஷமே சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதையும் வாங்கினார். 2018இல் மறுபடி அதே பிடிவாதம். ஆகஸ்ட் 31 அன்று ராம்ஸ் இறங்கி வந்தது: ஆறு வருஷம், 13.5 கோடி டாலர். அதுவரை எந்தத் தடுப்பாட்டக்காரருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை. அந்தச் சாதனை ஒரு நாள்தான் நின்றது. மறுநாளே சிகாகோ பேர்ஸ் காலில் மேக்குக்கு 14.1 கோடி கொடுத்தது.

சூப்பர் பௌல் ஜெயித்தபின் 2022இல் மறுபடி பேசி, இருந்த ஒப்பந்தத்திலேயே சுமார் 4 கோடி டாலர் கூட்டி வாங்கினார். அப்போது குவாட்டர்பேக் அல்லாதவர்களில் அவருக்குத்தான் லீகில் அதிகச் சம்பளம்.

பிடிவாதம் பிடிப்பதைப் பேராசை என்று சொல்கிறவர்கள் உண்டு, எனக்கு அப்படித் தோன்றவில்லை. என்எஃப்எல் வீரர் ஒருவர் சராசரியாக ஆடுவது மூன்று வருஷத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதாவது முதல் ஒப்பந்தம் முடிவதற்குள்ளேயே பெரும்பாலானோர் கதை முடிந்துவிடுகிறது, சந்தை விலையைக் கேட்டுப் பெறும் வாய்ப்பு இரண்டாவது ஒப்பந்தத்தில்தான் வருகிறது, அதைத் தொடுபவர்களே சிலர். ஒவ்வொரு அணியிலும் 53 இடம். ஜூலைக் கடைசியில் முகாம் தொடங்கும்போது 90 பேர் இருப்பார்கள், ஆகஸ்ட் முடிவதற்குள் மிச்சப் பேர் பெட்டி கட்டிவிட வேண்டும். சிலருக்குப் பயிற்சி அணியில் இடம் கிடைக்கும், பலருக்கு அதுவும் இல்லை.

டிராஃப்டில் எவரும் எடுக்காமல் வந்து பெயர் எடுத்தவர்களும் இருக்கிறார்கள். ஜான் ராண்டில் என்பவரை 1990இல் ஒரு அணியும் சீண்டவில்லை, அவரும் டேக்கிளுக்குச் சின்ன ஆள்தான். மினசோட்டா வைக்கிங்ஸ் 250 பவுண்டு எடையோடு வா, பார்க்கலாம் என்றது. அவர் 244 பவுண்டு இருந்தார், அதாவது மூன்று கிலோ போலக் குறைவு. உடைக்குள்ளே ஒரு சங்கிலியைச் சுற்றிக்கொண்டு தராசில் ஏறினார். வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்போது 137.5 சாக், 2010இல் ஃபுட்பால் ஜாம்பவான்களுக்கான புகழ் மண்டபத்திலும் (ஹால் ஆஃப் ஃபேம்) இடம்.

உடம்பு

ஒரு லைன்மேன் ஒரு ஆட்டத்தில் நாற்பது ஐம்பது முறை முட்டுவார், டொனால்ட் போன்றவர்கள் இன்னும் அதிகம். பெரிய அடி என்று ஒன்றும் கண்ணில் படாது. ஓடிவந்து மோதும் ஆட்டக்காரர் மைதானத்தில் சுருண்டு விழுந்தால் எல்லோரும் பார்ப்பார்கள், மருத்துவர் வருவார். லைன்மேன் வாங்குவது சின்னச் சின்ன அடி, ஆனால் ஒவ்வொரு முறையும். இதன் விளைவு பற்றி இப்போதுதான் தெரிந்துவருகிறது. போஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், இறந்தபின் தானமாக வந்த 111 முன்னாள் என்எஃப்எல் வீரர்களின் மூளைகளில் 110இல் சிடிஇ எனப்படும் மூளைச் சிதைவு இருந்தது. இதை அப்படியே எடுத்துக்கொண்டு எல்லா வீரருக்கும் 99 சதவீதம் வரும் என்று சொல்வது தப்பு, ஏனென்றால் நினைவு மங்குவது, குணம் மாறுவது மாதிரி அறிகுறிகளைப் பார்த்த குடும்பங்கள்தான் பெரும்பாலும் தானம் கொடுக்க முன்வந்திருக்கும். அதற்காக அந்த எண்ணைத் தள்ளிவிடவும் முடியாது.

மற்றபடி விரல் பிசகுவது, முழங்கால், கணுக்கால், தோள் எல்லாம் வாடிக்கை. டொனால்டுக்கே 2022 நவம்பரில் கான்சஸ் சிட்டிக்கு எதிரான ஆட்டத்தில் கணுக்கால் போய், மிச்ச ஆறு ஆட்டம் ஆட முடியவில்லை. திரும்பி வந்து 2023 சீசனில் 8 சாக் எடுத்தார், மறுபடி ஆல் ப்ரோ முதல் அணி. 2024 மார்ச் 15 அன்று போதும் என்று சொல்லிவிட்டார். 32 வயது. இன்னும் ஆடியிருக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள், இந்த இடத்தில் அப்படிச் சொல்ல வைத்துவிட்டுப் போகிறவர்கள் ரொம்பக் குறைவு. பெரும்பாலானோரை அணிதான் போகச் சொல்கிறது.

ஓய்வு பெற்று ஐந்து சீசன் கழிந்தால்தான் ஒஹையோ மாநிலம் கேன்டனில் இருக்கும் புகழ் மண்டபத்துக்குத் தகுதி, டொனால்டுக்கு அது 2029இல் வரும்.

எடை இன்னொரு தலைவலி. 130, 140 கிலோவைத் தக்கவைக்கத் தினமும் வலுக்கட்டாயமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், உடற்பயிற்சி பாதியாகக் குறைந்தபின்னும் அதே பசியோடு இருப்பார். குறைக்காவிட்டால் இதயத்துக்கு ஆபத்து. இதில் ஒருவர் கதை மட்டும் தலைகீழ். ஆலன் பேஜ், வைக்கிங்ஸ் டேக்கிள், 1971இல் லீகின் மதிப்புமிக்க வீரர் விருதைப் பெற்ற முதல் தடுப்பாட்டக்காரர். ஆடிக்கொண்டிருக்கும்போதே நெடுந்தூர ஓட்டத்தில் பைத்தியமாகி, எடை சர்ரென்று இறங்கி, இந்த உடம்பு எங்களுக்குப் போதாது என்று 1978இல் வைக்கிங்ஸ் கைகழுவியது. அவர் சிகாகோவுக்குப் போய் மேலும் மூன்று வருஷத்துக்கு மேல் ஆடினார், நடுவில் 1979இல் ஒரு மாரத்தானையும் ஓடி முடித்தார். அதற்கெல்லாம் முன்னாலேயே, வைக்கிங்ஸுக்கு ஆடிக்கொண்டே சட்டம் படித்துப் பட்டம் வாங்கியிருந்தார். 1993இல் மினசோட்டா உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனார், கட்டாய ஓய்வு வயதான 70ஐ எட்டிய 2015 வரை அந்த நாற்காலியில் இருந்தார்.

இன்னொரு தகவல், ரசிகர்கள் விடாமல் சொல்வது: பேஜ் பிறந்து வளர்ந்தது கேன்டனில்தான். 1963இல் புகழ் மண்டபத்துக்குக் கட்டடம் கட்டியபோது கூலி வேலைக்குப் போன பையன்களில் அவரும் ஒருவர். 25 வருஷம் கழித்து, 1988இல், அதே கட்டடத்துக்குள் அவருடைய சிலையை வைத்தார்கள்.